அழகர்மலையில் புத்தரைத் தேடாதீர்கள்

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளைப் பற்றி இன்று ஒரு கதை கேள்வி கேட்பாரில்லாமல் உலவுகிறது. மேடையில் சொல்கிறார்கள், காணொளியில் சொல்கிறார்கள், மலைக்கு ஆட்களைக் கூட்டிப்போகிறவர்களும் சொல்கிறார்கள். குகைத்தளங்களில் இருக்கும் கற்படுக்கைகள் புத்த பிக்குகள் படுத்தவை. அரிட்டாபட்டி என்ற ஊர்ப்பெயர், இலங்கையிலிருந்து வந்த மகா அரிட்டர் என்ற பிக்குவின் பெயர். அழகர் கோயில் ஒரு காலத்தில் புத்த விகாரை. அங்கே முடியிறக்கும் வழக்கம் அதன் மிச்சம். ஆகவே இந்த மலைகளெல்லாம் பௌத்தர்களின் யாத்திரைத் தலங்கள், பின்னால் வந்தவர்கள் பறித்துக்கொண்டார்கள்.

இந்தக் கதை தவறு. மதுரையில் பௌத்தம் இருந்தது, அதில் எனக்கு ஐயமே இல்லை. அது இருந்த இடம் இந்த மலைகள் அல்ல என்றுதான் சொல்கிறேன். மலையில் தேடிக்கொண்டே இருப்பதால் சமணம் விட்டுப்போன சொத்துக்கு வேறு பெயர் எழுதுகிறோம். பௌத்தம் உண்மையிலேயே இந்த நகரத்தில் விட்டுச்சென்ற தடத்தையும் பார்க்காமல் போகிறோம். ஒரே தவற்றால் இரண்டு மரபுகளுக்கு அநியாயம் நடக்கிறது.

இந்தக் கருத்தின் ஊற்று எளியவர்களிடம் இல்லை. மயிலை சீனி. வேங்கடசாமி 1940-இல் வெளியிட்ட 'பௌத்தமும் தமிழும்' நூலில் இதன் பெரும்பகுதி இருக்கிறது. தொ. பரமசிவன் தம் 'அழகர் கோயில்' ஆய்வில் அந்தக் கோயிலின் தொடக்கத்தைப் பற்றி இதே திசையில் முடிவுக்கு வந்தார். இருவரும் என் போன்றோருக்குப் படிக்கக் கற்றுக்கொடுத்த ஆசான்கள். வேங்கடசாமி எழுதிய காலத்தில் மதுரைக் குகைகளின் பிராமி எழுத்துகள் சரிவரப் படிக்கப்படவே இல்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்வெட்டறிஞர்கள் சிலர் இலங்கைக் குகைகளோடு ஒப்பிட்டு இவையும் பௌத்தர்களுடையவையாக இருக்கலாம் என்று கருதியிருந்தார்கள். கைக்குக் கிடைத்ததை வைத்து வேங்கடசாமி ஊகித்தார். அதன் பிறகு 1960களில் ஐராவதம் மகாதேவன் மலை மலையாக ஏறி எழுத்துகளைப் படியெடுத்தார். 2003-இல் அவருடைய பெருநூல் வந்தது. வெ. வேதாசலம், சொ. சாந்தலிங்கம் போன்றோர் மதுரை வட்டாரத்துச் சமணத்தை ஊர் ஊராக ஆராய்ந்து எழுதினார்கள். இவ்வளவுக்கும் பிறகு 1940-இன் ஊகத்தை 'இருக்கலாம்' என்ற சொல்லையும் நீக்கிவிட்டு ஒப்பிப்பது அந்த அறிஞருக்குச் செய்யும் மரியாதை ஆகாது.

முதலில் குகைகளை எடுத்துக்கொள்கிறேன். அழகர்மலையின் தெற்குச் சரிவில், கிடாரிப்பட்டி ஊர்ப்பக்கம் ஏறினால் ஒரு பெரிய குகைத்தளம் வரும். வெயிலில் வந்தவனுக்கு உள்ளே காலை வைத்ததும் குளிர்ச்சி தெரியும். தரையில் வரிசையாகப் படுக்கைகள் வெட்டியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் தலைமாட்டுப் பக்கம் கல்லையே சற்று உயர்த்தித் தலையணையாக விட்டிருக்கிறார்கள். மேலே நெற்றிப் பாறையில் நீளமாக ஒரு காடி ஓடுகிறது. பாறை மேல் வழியும் மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் விளிம்போடு சொட்டிப்போக அந்த ஏற்பாடு. காடியை ஒட்டித் தமிழ்ப் பிராமி எழுத்துகள். அவை அரசர் பெயர்களைச் சொல்லவில்லை. உப்பு வணிகன், பாணிதம் எனப்படும் சர்க்கரைப்பாகு விற்றவன், கொழு விற்றவன், துணி விற்ற அறுவை வணிகன், மதுரைப் பொற்கொல்லன் என்று கடைத்தெருவே வந்து கையெழுத்துப் போட்டதுபோல் இருக்கிறது. துறவிகளுக்கு இருப்பிடம் செய்துகொடுத்தவர்கள் மதுரைச் சந்தைக்காரர்கள்.

அந்தத் துறவிகள் யார்? பௌத்தர் என்போர் சுட்டிக்காட்டும் முதல் சான்று இலங்கை. அங்கேயும் குகை, அங்கேயும் காடி, அங்கேயும் பிராமி. சரி, இலங்கையையே சாட்சிக்கு அழைப்போம். இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குகைக் கல்வெட்டுகள் உள்ளன. கொடுத்தவர் பெயருக்குப் பின்னால் அவை திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இது சங்கத்துக்கு. நாற்றிசையிலிருந்தும் வந்த, இனிமேல் வரப்போகிற சங்கத்துக்கு என்று விரித்தும் எழுதுவார்கள். அது பௌத்தத்தின் சட்டம். குகையைத் தனி ஒரு பிக்குவுக்கு எழுதிவைப்பதைவிடப் பொதுவில் சங்கத்துக்கு ஒப்படைப்பதே முறை. மதுரைக் குன்றுகளில் அந்த வாய்பாடு ஒரு குகையில்கூட இல்லை. மாங்குளத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி வெட்டிக்கொடுத்த பள்ளி, கணி நந்தன் என்ற ஆசிரியரின் பெயருக்கு இருக்கிறது. கொடையின் முறையே வேறு. ஒப்பிட வேண்டும் என்று சொன்னவர்கள் பாதி ஒப்பிட்டுவிட்டு நிறுத்திக்கொண்டார்கள்.

மாங்குளக் கல்வெட்டில் 'தம்மம்' என்று இருக்கிறதே என்பார்கள். பிராகிருதம் பேசிய எல்லாத் துறவிகளும் பயன்படுத்திய பொதுச்சொல் அது. புத்தருக்கு மட்டும் உரியதல்ல. அந்தக் காலத்தில் சமணர் குகையில் வாழ்ந்ததற்கு வேறு இடங்களிலும் சான்று உண்டு. ஒடிசாவின் உதயகிரிக் குகைகளில் கலிங்க மன்னன் காரவேலன் வெட்டிய அத்திகும்பா கல்வெட்டு அருகரையும் சித்தரையும் வணங்கித் தொடங்குகிறது. பாண்டியனிடமிருந்து முத்துகள் வந்ததையும் அதே கல்வெட்டு சொல்கிறது. கரூருக்குப் பக்கத்தில் புகளூர் ஆறுநாட்டார் மலையில் சேர இளவரசன் வெட்டிக்கொடுத்த படுக்கை 'அமணன்' ஒருவருக்கு என்று பச்சையாகவே எழுதியிருக்கிறது. மதுரைக் குகைகள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இங்கே நியாயமான ஒரு கேள்வி வரும். குகை எழுத்துகள் கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் தொடங்குகின்றன; பாறையில் செதுக்கிய சமண உருவங்களோ 9, 10-ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. இடையில் ஆயிரம் ஆண்டு இடைவெளி. முதலில் பௌத்தர் இருந்து, பிறகு சமணர் வந்திருக்கக்கூடாதா? வந்திருக்கலாம், ஏதாவது ஒரு மலையில் ஒரு சின்னத் துண்டாவது அப்படிச் சொன்னால். ஒரு புத்தர் உருவம், ஒரு தர்மச் சக்கரம், ஒரு பாத பீடம், ஒரு தூபியின் அடித்தளம். கீழவளவு, கீழக்குயில்குடி, அரிட்டாபட்டி, ஆனைமலை, கொங்கர்புளியங்குளம், அழகர்மலை எங்கும் குகைத்தளங்களை ஒட்டி அடையாளம் காணப்பட்ட புடைப்புருவங்கள் தீர்த்தங்கரர்கள், இயக்கியர் எனும் பெண் தெய்வங்கள் போன்ற சமண உருவங்கள்தான். ஏதோ ஒரு காலத்தில் ஆட்சி மாறி, மதம் மாறி, எல்லா மலைகளிலும் ஒரே மாதிரியாகப் பழைய தடம் துடைக்கப்பட்டது என்று சொல்வதைவிட, பழைய துறவிகளின் இடத்துக்கே அதே மரபினர் திரும்பி வந்து உருவங்களைச் செதுக்கினார்கள் என்று கொள்வதுதான் சான்றோடு பொருந்துகிறது.

உருவங்களில் மயக்கம் வரவும் வழியில்லை. கீழக்குயில்குடி சமணர்மலையில் செட்டிப்புடவு என்று ஊரார் அழைக்கும் குகைக்குப் போங்கள். வெளியே பாறையில் பெரிய உருவமாக மகாவீரர் அமர்ந்திருக்கிறார். தலைக்கு மேல் மூன்று அடுக்குக் குடை, இரு பக்கமும் சாமரம் வீசுகிறவர்கள், கீழே சிங்க ஆசனம். குகைக்குள் விதானத்தை ஒட்டிய பாறையில் சிங்கத்தின் மேல் ஏறி வில்லோடு ஒரு பெண் தெய்வம், எதிரே யானை மேல் வந்தவனோடு போரிடுகிறாள். அவளுக்குப் பக்கத்தில் முக்குடைகளின் கீழ் அமர்ந்த அருகர்கள். கொஞ்சம் தள்ளிப் பேச்சிப்பள்ளத்தில் பாம்பு படம் விரித்த பார்சுவநாதரும், கால்களில் கொடி சுற்றிய பாகுபலியும் நிற்கிறார்கள். உடலில் ஆடை கிடையாது. புத்தரைச் செதுக்கும் தச்சன் சீவரத்தைத் தோளில் மடிப்பாகப் போட்டுக் காட்டுவான். உச்சியில் முடிச்சையும், தமிழகத்து உலோகப் புத்தர்களில் அதன்மேல் தீச்சுடரையும் காட்டுவான். இரண்டையும் ஒருமுறை அருகருகே பார்த்துவிட்டவனுக்கு வாழ்நாள் முழுக்கக் குழப்பம் வராது. ஆனால் இந்த உருவங்களின் படத்தைப் போட்டு 'மதுரைப் புத்தர்' என்று எழுதுவது இன்றும் நடக்கிறது. எனக்கு இதைக் காணும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது. அச்சணந்தி என்ற சமணத் துறவி ஊர் ஊராகப் போய் இந்தத் திருமேனிகளைச் செய்வித்துத் தம் பெயரையும் வட்டெழுத்தில் வெட்டிவைத்தார். அவர் பெயரை வாசிக்கக்கூட நமக்குப் பொறுமை இல்லை.

யாத்திரை என்று பேசுவோருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். மதுரைக் குன்றுகளுக்கு யாத்திரை உண்மையிலேயே இருந்தது, சமணருடைய யாத்திரை. பரங்குன்று, ஆனைமலை, இருங்குன்றம் உள்ளிட்ட எட்டு மலைகளை 'எண்பெருங்குன்றம்' என்று பெயர் சொல்லி வணங்கும் சமண மரபு இருக்கிறது. இருங்குன்றம் என்பது அழகர்மலைதான். சிலப்பதிகாரத்தில் கவுந்தியடிகள் ஏன் கோவலன் கண்ணகியோடு புறப்படுகிறார்? மதுரையில் அறவோரிடம் அருகன் நெறியைக் கேட்க வேண்டும் என்ற நெடுநாள் ஆசை அவருக்கு. காவிரிக் கரையிலிருந்து வையைக்கரைக்கு நடந்து வந்த ஒரு சமண யாத்திரிகை நம் முதல் காப்பியத்திலேயே நடமாடுகிறார். அவர் நடந்து வந்த பாதையையும் பௌத்தத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அவரை எங்கே நிறுத்துவது?

அரிட்டாபட்டிக்கு வருகிறேன். மகா அரிட்டர் கற்பனை அல்ல. மகாவம்சம் அவரை இலங்கை மன்னன் தேவானாம்பிய தீசனின் மருமகன் என்கிறது. அசோகரிடம் தூது போனவர், பிறகு துறவு பூண்டவர். அவர் தூது போன வழியையும் அந்த நூல் சொல்கிறது. இலங்கையின் வடகரையில் ஜம்புகோளத் துறையில் கப்பலேறி, வங்கத்துத் துறைமுகத்தில் இறங்கி, பாடலிபுத்திரம் போகிறார். மதுரைப் பக்கம் அவர் கால் வைத்ததாக ஒரு வரியும் இல்லை. அவர் துறவும் அதன் பின்னான வாழ்வும் அனுராதபுரம், மிகிந்தலை வட்டாரத்திலேயே நடக்கின்றன. ஊர்ப்பெயரின் ஓசை ஒத்துப்போகிறது என்பதைத் தவிர இந்தக் கதைக்கு வேறு கால் கிடையாது. அந்த மலையோ தன் பெயரைத் தானே சொல்கிறது. அச்சணந்தி செய்வித்த திருமேனியின் கீழ் உள்ள கல்வெட்டு அதைத் திருப்பிணையன்மலை என்கிறது. கல் பேசும்போது காதை மூடிக்கொண்டு ஓசையைப் பிடித்துத் தொங்குவது ஆய்வாகாது.

அழகர் கோயில் வாதம்தான் மிகவும் பரவியது. எனவே கொஞ்சம் நின்று பேச வேண்டும். முடியிறக்கும் வழக்கம் பௌத்தத்தின் எச்சம் என்கிறார்கள். சமணத் துறவிகள் மயிரைக் கையால் பறித்துக்கொள்வார்கள், பிக்குகளே மழிப்பார்கள், ஆகவே மொட்டை பௌத்தம் என்பது கணக்கு. ஆனால் பௌத்தத்தில் தலை மழிப்பவர் வீட்டைத் துறந்தவர். அழகர் கோயிலில் முடியிறக்குபவர் யார்? பிள்ளைக்கு முதல் முடி எடுக்க மாமன் மடியில் உட்காரவைத்து, காது குத்தி, பதினெட்டாம்படிக் கருப்பனுக்கு நேர்ந்துகொண்டதைச் செலுத்தி, சொந்தபந்தத்துக்குச் சோறு போட்டு வீடு திரும்புகிற குடும்பத்தார். வேண்டுதலுக்கு மயிரைக் கொடுப்பது திருப்பதியில் உண்டு, பழனியில் உண்டு, சமயபுரத்தில் உண்டு. வேளாங்கண்ணி மாதாவுக்கும் நாகூர் ஆண்டவருக்கும் மொட்டை போடுகிறார்கள். இத்தனை இடமும் விகாரையா? எல்லா இடத்திலும் இருக்கும் ஒரு வழக்கம் எந்த ஓர் இடத்தின் தொடக்கத்தையும் நிரூபிக்காது.

வட்டமான விமானத்தையும் சிலர் சான்றாகக் காட்டுகிறார்கள். வட்ட வடிவத்தைச் சிற்ப நூல்கள் கோயில் வகைகளில் ஒன்றாகவே வைக்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையைத் தாண்டினால் கேரளத்தில் வட்டக் கருவறைகளுக்குக் குறைவே இல்லை.

இந்தக் குன்றைப் பற்றி நம்மிடம் உள்ள பழைய இலக்கியச் சான்றோ வேறு சொல்கிறது. பரிபாடலின் 15-ஆம் பாடல், இளம்பெருவழுதியார் பாடியது, மாலிருங்குன்றத்தைப் பற்றியது. அங்கே கரிய மாலும் வெள்ளை நிறத்துப் பலதேவனும் சேர்ந்து நிற்கிறார்கள். சிலப்பதிகாரத்தில் மாங்காட்டு மறையோன் திருமால்குன்றத்தின் மூன்று பொய்கைகளைச் சொல்லி வழிகாட்டுகிறான். அதே காப்பிய உலகத்தில் புகாரில் இந்திர விகாரங்கள் பேசப்படுகின்றன. அதாவது பௌத்த இடம் இருந்த ஊரில் அதைச் சொல்லத் தயங்காத மரபு அது. திருமால்குன்றத்தில் விகாரை இருந்தால் சொல்லாமல் விட என்ன காரணம்? மலையின் ஒரு புறம் மால், மறுபுறம் குகையில் சமணர். பழைய மதுரைக்காரன் இரண்டையும் அறிந்திருந்தான்.

மலையில் புத்தரைக் காணும் இந்த விருப்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பது எனக்குத் தெரியும். அயோத்திதாசப் பண்டிதர் 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது, சாதியால் மிதிக்கப்பட்டவர்களுக்கு அதற்கு முந்தைய ஒரு பெருமிதமான வரலாறு உண்டு என்று சொன்னார். 1956-இல் அம்பேத்கர் நாகபுரியில் இலட்சக்கணக்கானோரோடு பௌத்தம் தழுவினார். அந்த வழியில் வருகிறவர்கள் தம் ஊர் மலையில் புத்தரைத் தேடுவதில் இருக்கும் ஏக்கம் நேர்மையானது, நான் அதை மதிக்கிறேன். ஆனால் அவர்களுக்குப் பொய்யான ஆவணத்தைக் கையில் கொடுத்து அனுப்புகிறவர்கள் நண்பர்கள் ஆக மாட்டார்கள். எதிராளி ஒரு கல்வெட்டைக் காட்டியதும் மேடையிலேயே அவர்கள் தலைகுனிய நேரும்.

இன்னொரு அபாயமும் இருக்கிறது. 'இது முதலில் எங்களுடையது' என்ற வாதத்துக்கு முடிவே கிடையாது. இந்தக் கோயிலுக்கு அடியில் என்ன இருந்தது, இந்தப் பள்ளிவாசலுக்கு அடியில் என்ன இருந்தது என்று தோண்டும் அரசியல் இந்த நாட்டில் எத்தனை உயிரைக் குடித்திருக்கிறது என்று தெரிந்தும், அதே வாதத்தை முற்போக்கின் பெயரால் நாமும் கையில் எடுக்கலாமா? திருப்பரங்குன்றத்தில் ஒரே மலையில் சமணப் படுக்கைகளும் முருகன் குடைவரையும் உச்சியில் தர்காவும் இருக்கின்றன. அங்கே யார் முந்தி என்ற கேள்வி என்ன செய்யும் என்பதை மதுரை மக்கள் கண்முன்னே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம்விட நடைமுறையான காரணம் ஒன்று உண்டு. இந்த மலைகள் ஆபத்தில் இருக்கின்றன. கீழவளவு வட்டாரத்தில் கிரானைட் குவாரிகள் குன்றுகளை எப்படித் தின்றன என்பது 2012-க்குப் பிறகு நாடறிந்த செய்தி. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி உள்ளிட்ட பகுதியில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்தது தெரிந்து மேலூர் வட்டாரமே எழுந்தது. 2025 சனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தைக் கைவிட்டது. அந்த மக்கள் எடுத்துக்காட்டியவை பல்லுயிர் மரபுத் தலம் என்று 2022-இல் வந்த அறிவிப்பும், பிராமிக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், பாண்டியர் குடைவரையும். அரசு மேசையிலும் நீதிமன்றத்திலும் நிற்பது சரியாகப் படித்துப் பதிவான கல்வெட்டுதான். தமிழ்ச் சமணர்கள் இன்று பெரும்பாலும் வந்தவாசி, செஞ்சி, காஞ்சிப் பக்கங்களில் வாழும் சிறு கூட்டம். மதுரை மலைகளுக்காக வாதாட அவர்கள் எண்ணிக்கை போதாது. அவர்களுக்காகப் பேச வேண்டிய நாமே அந்த இடத்தின் பெயரை மாற்றிச் சொன்னால் எப்படி?

சரி, மதுரையில் பௌத்தம் எங்கே இருந்தது? நகருக்குள் இருந்தது. சந்தைக்கும் வீட்டுக்கும் நடுவில் இருந்தது.

மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியைப் படித்துப் பாருங்கள். நகரின் மாலைப்பொழுதைக் காட்டும்போது, பெண்கள் கணவரோடும் கைப்பிள்ளைகளோடும் பூவும் புகையும் எடுத்துக்கொண்டு ஒரு கடவுட் பள்ளிக்குப் போகிறார்கள். அது பௌத்தப் பள்ளி என்று நச்சினார்க்கினியர் உரை சொல்கிறது. அதற்கு அடுத்து அந்தணர் பள்ளியும், பிறகு அமணர் பள்ளியும் தனித்தனியாக வருகின்றன. என்ன அருமையான சாட்சி இது! பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, விளக்கேற்றும் நேரத்தில் பௌத்தப் பள்ளிக்குப் போன மதுரைப் பெண்கள். பக்தி அங்கே தெருமுனையில் நடந்திருக்கிறது. இதைவிட்டு மலையுச்சியில் ஆளில்லாத குகையைக் காட்டி 'இதோ பௌத்தம்' என்கிறோம்.

மணிமேகலையை எழுதிய சாத்தனாரை மதுரைக் கூலவாணிகன் என்கிறது மரபு. கிடாரிப்பட்டிக் குகைக்குக் கொடுத்த உப்பு வணிகனும் அறுவை வணிகனும் எந்தக் கடைத்தெருவைச் சேர்ந்தவர்களோ, அந்தத் தெருவில் தானியம் விற்றவர் பௌத்தக் காப்பியம் பாடினார். ஒரே அங்காடி சமணருக்குக் கல்லில் படுக்கை வெட்டியது, பௌத்தத்துக்குப் பாட்டு கொடுத்தது. அந்தக் காப்பியத்தில் தமிழ்ப் பௌத்தத்தின் மிகப் புனிதமான பொருள் எது? அமுதசுரபி. அது எங்கே கிடைத்தது? மதுரையில். ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட ஆபுத்திரன் தென்மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயிலின் அம்பலத்தில் தங்கி, பிச்சையெடுத்த சோற்றைக் கண்ணற்றவர்க்கும் காதற்றவர்க்கும் ஆதரவற்றவர்க்கும் பகிர்ந்துகொடுத்து மிச்சத்தை உண்டு படுத்தான். பசித்தவர்கள் வந்து நின்ற ஓர் இரவில் தேவி அந்தப் பாத்திரத்தை அவன் கையில் கொடுத்தாள். பின்னாளில் அது மணிபல்லவத்துக்குப் போய், கோமுகிப் பொய்கையில் விழுந்து, மணிமேகலை கைக்கு வருகிறது. நயினாதீவே மணிபல்லவம் என்று கொண்டு அங்கே போகிறவர்கள், அந்தப் பாத்திரம் மதுரைச் சோற்றில் தொடங்கியது என்பதை நினைப்பதுண்டா?

கட்டடம் ஏன் மிஞ்சவில்லை என்பதற்கும் விடை இருக்கிறது. தமிழகத்தில் தோண்டிக் கிடைத்த பௌத்த இடங்களைப் பாருங்கள். காவிரிப்பூம்பட்டினத்துப் பல்லவனேச்சுரத்தில் வெளிப்பட்ட விகாரை செங்கல் கட்டடம். நாகப்பட்டினத்தில் சீவிசய அரசனுக்காக இராசராசன் காலத்தில் எழுந்த சூடாமணி விகாரம் கடற்கரைச் சமவெளியில். கடைசியாக நின்ற செங்கல் கோபுரத்தையும் 1867-இல் இடித்துத் தீர்த்தார்கள். பௌத்தம் இங்கே துறைமுகத்திலும் நகரத்திலும் செங்கல்லால் வாழ்ந்தது. இடைவிடாமல் மக்கள் குடியிருக்கும் மதுரை போன்ற நகரத்தில் செங்கல் கட்டடம் அடுத்த தலைமுறை வீட்டுக்கு அடித்தளமாகிவிடும்.

7-ஆம் நூற்றாண்டில் காஞ்சிவரை வந்த சீனத் துறவி யுவான் சுவாங், பெரும்பாலோர் பாண்டிய நாடு என்று கொள்ளும் மலகூடத்தைப் பற்றித் தாம் கேட்டறிந்ததை எழுதிவைத்தார். பழைய விகாரைகள் இடிந்து கிடக்கின்றன, பிக்குகள் சிலரே, நிர்க்கந்தர் எனும் சமணர் ஏராளம் என்கிறார். தலைநகருக்குக் கிழக்கே, அசோகரின் தம்பி என்று அவர் கூறும் மகேந்திரர் கட்டிய விகாரையின் அடித்தளமும், அதற்கும் கிழக்கே பாதி புதைந்த அசோகத் தூபியும் இருந்ததாகக் குறிக்கிறார். ஊருக்குக் கிழக்கே, சமவெளியில். மலைமேல் என்று அவர் சொல்லவில்லை. இந்தக் குறிப்பு ஒன்றே, தேட வேண்டிய இடம் எது என்பதைச் சொல்லிவிடுகிறது.

அதன் பிறகும் மதுரைக்குப் பௌத்த உலகத்தோடு உறவு அறவில்லை. அது கொடையாகவும் கொள்ளையாகவும் தொடர்ந்தது. 9-ஆம் நூற்றாண்டில் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் இலங்கை மேல் படையெடுத்துப் பொன் புத்தர் சிலை உள்ளிட்ட செல்வங்களை அள்ளிவந்தான். பின்னர் இரண்டாம் சேனனின் படை மதுரைக்குள் நுழைந்து அவற்றை மீட்டுப்போனது. சூளவம்சம் இரண்டையும் விவரிக்கிறது. 1280களில் நடந்தது இன்னும் பெரியது. மாறவர்மன் குலசேகர பாண்டியனின் படைத்தலைவன் ஆரியச்சக்கரவர்த்தி யாப்பகூவா கோட்டையைத் தாக்கிப் புத்தரின் பல்லைக் கைப்பற்றி வந்து பாண்டியனிடம் கொடுத்தான். இலங்கையில் அரசுரிமையின் அடையாளமே அந்தப் பல். அதைத் திரும்பப் பெற மூன்றாம் பராக்கிரமபாகு வேறு வழியின்றித் தானே பாண்டியன் அவைக்கு வந்து, பேசிப் பணிந்து, பெற்றுக்கொண்டு போனான். இன்று கண்டியில் உலகமே போய் வணங்கும் அந்தத் தாது சில ஆண்டுகள் பாண்டியன் காவலில் இருந்தது. ஒரு நாட்டின் மன்னன் கடல் கடந்து பாண்டியனிடம் வந்து நின்ற யாத்திரை அது. மதுரைப் பௌத்த வரலாற்றின் உச்சமான இந்த நிகழ்வை மலைமேல் கதை சொல்கிறவர்கள் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

மதுரையில் சமணமே மேலோங்கியிருந்தது என்பதற்குச் சைவ மரபும் சாட்சி. சம்பந்தர் மதுரையில் வாதிட்டதும் சமணரோடுதான். பௌத்தரோடு வாதம் சோழநாட்டுப் போதிமங்கையில் நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. மாணிக்கவாசகர் பௌத்தரை எதிர்கொண்ட கதை தில்லையில். பகைவர்கூட ஊரைக் குழப்பவில்லை.

மதுரையில் வரலாறு சொல்லும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். கிடாரிப்பட்டிக்குப் போகும்போது அந்த உப்பு வணிகனின் பெயரை வாசித்துக் காட்டுங்கள், அது சமணப் பள்ளி என்று சொல்லுங்கள். செட்டிப்புடவில் முக்குடையைக் காட்டுங்கள். பௌத்தத்தைச் சொல்ல வேண்டுமா, மாசி வீதியில் மாலை நேரத்தில் கூட்டத்தை நிறுத்தி மதுரைக்காஞ்சியின் அந்தப் பெண்களையும், அம்பலத்தில் சோறு பகிர்ந்த ஆபுத்திரனையும், பல்லுக்காக வந்த பராக்கிரமபாகுவையும் சொல்லுங்கள். தொல்லியல் துறையும் பல்கலைக்கழகமும் யுவான் சுவாங் சொன்ன நகரின் கிழக்குப் பகுதியைப் புதிய வீட்டுமனைகள் முழுக்க விழுங்குமுன் ஒருமுறையாவது முறையாக ஆய்வு செய்ய வேண்டும்.